பொது வணிகப் பட்டமா, மனை வணிகப் பட்டமா?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில், தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் குடும்பங்களில் எழும் வினாக்களோடு அண்மைக் காலத்தில் புதிதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. வணிகப் பாடம் எடுத்த பிள்ளையைப் பி.காம்., பி.பி.ஏ. போன்ற பொதுவான வணிகப் பட்டத்துக்கு அனுப்புவதா, அன்றி ரியல் எஸ்டேட் என்று வழங்கும் மனை வணிகத்துக்கென்றே வகுக்கப்பட்ட தனிப் பட்டத்தில் சேர்ப்பதா என்பதே அவ்வினா. மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் நாள்தோறும் எழும்பி நிற்கும் அடுக்கு மாடிகளைக் கண்டு வளர்ந்த இளைஞருக்கு இரண்டாவது வழியில் கவர்ச்சி பிறப்பது இயல்பே. அக்கவர்ச்சியைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. இரு பட்டங்களும் எந்தக் கதவுகளைத் திறக்கும், எவற்றைத் திறவா என்பதை ஆராய்ந்து பார்ப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

முதலில் பொது வணிகப் பட்டத்தை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. பம்பாயில் சிடனாம் கல்லூரி 1913ஆம் ஆண்டில் தோன்றியது. தில்லியில் இன்று ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி எனப் பெயர் பெற்றிருப்பது 1926ஆம் ஆண்டில் தொடங்கியது. கணக்கு வைப்பு, தணிக்கை, வணிகச் சட்டம், வரி, பொருளாதாரம், புள்ளியியல், நிருவாகம் ஆகியவை இப்பட்டத்தின் உறுப்புகள். இவை ஒரு தொழிலுக்கு மட்டும் உரியவை அல்ல. நூற்பாலையாயினும் மருத்துவமனையாயினும் வங்கியாயினும், பற்றும் வரவும் எழுதும் முறை ஒன்றே. பட்டயக் கணக்கர் படிப்பில் நேரடியாக இடைநிலைக்குச் சேர, வணிகவியல் பட்டதாரிக்கு 55 விழுக்காடு மதிப்பெண் போதும்; பிற பட்டதாரிகளுக்கு 60 விழுக்காடு வேண்டும். இதுவும் பி.காம். பட்டத்துக்கு உள்ள ஒரு சலுகை.

இனி, மனை வணிகப் பட்டம். இதில் கணக்கும் நிதியும் உண்டு. ஆயினும் அவற்றோடு நிலச் சட்டம், பத்திரப் பதிவு, நகரத் திட்டமிடல், கட்டுமான முறைகள், மதிப்பீடு, குத்தகை, கட்டடப் பராமரிப்பு முதலியன சேர்கின்றன. பொதுப் பட்டத்தில் ஒரு பருவத்தில் ஓரிரு வகுப்புகளாகக் கடந்துபோகும் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டமும் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமும் இங்கே முதன்மைப் பாடங்களாகின்றன. 2016ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2017 மே முதல் நாள் முழுமையாக நடைமுறைக்கு வந்த ரேரா எனும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்துக்குப் பின், இத்தகைய அறிவுக்குத் தேவை பெருகியது. வீடு வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. கணக்கும் சட்டமும் கட்டுமானமும் மூன்றும் அறிந்தவர் இன்றி இவ்விதியை நிறைவேற்றுதல் எளிதன்று.

இரண்டு படிப்புகளுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். எண்கள் எடுத்துக்காட்டுக்காகக் கொண்டவையே. 10,000 சதுர அடி மனை ஒன்று விலைக்கு வருகிறது. அந்த இடத்தில் தளப்பரப்புக் குறியீடு 2 என்றால், மனையின் பரப்பைப் போல் இரு மடங்கு, அதாவது 20,000 சதுர அடி கட்டலாம். சதுர அடி 8,000 ரூபாய்க்கு விற்கும் என்று வைத்தால் வருவாய் 16 கோடி. கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 3,000 ரூபாயாக 6 கோடி. வட்டி, இதரச் செலவு, இலாபம் ஆகியவற்றுக்கு வருவாயில் நாலில் ஒரு பங்காக 4 கோடி. எஞ்சுவது 6 கோடி. இதற்கு மேல் மனைக்கு விலை கொடுத்தால் நட்டமே. இக்கணக்கைப் பி.காம். படித்த எவரும் போட்டுவிடலாம். ஆனால் மனையின் முன்னுள்ள தெரு போதிய அகலம் இல்லாததால் குறியீடு 2 அன்று, ஒன்றரையே என்று பின்னர்த் தெரியவந்தால் என்னவாகும்? கட்டத்தக்க பரப்பு 15,000 சதுர அடியாகும்; வருவாய் 12 கோடியாகும்; அதே முறையில் செலவுகளைக் கழித்தால் மனைக்குத் தரத்தக்க விலை நாலரைக் கோடியாக இறங்கிவிடும். கணக்கில் பிழை ஒன்றுமில்லை. கணக்குக்குள் வந்த எண்ணில்தான் பிழை. அந்த எண்ணை ஐயுறக் கற்பிப்பதே தனிப் பட்டத்தின் பயன்.

இவ்வளவு பயனுள்ள கல்வியாயின் தயங்குவானேன் எனக் கேட்கலாம். தயக்கத்துக்குக் காரணம் பாடத்தில் இல்லை. தொழிலின் அமைப்பில் இருக்கிறது. மனை வணிகத்தில் வேலைகள் பல இருப்பினும், பலரும் மனத்தில் கொள்ளும் மூன்று வேலைகளை முதலில் பார்ப்போம்: விற்பனை, மதிப்பீடு, நிதி.

விற்பனை முகவராவதற்குச் சட்டம் எந்தப் பட்டத்தையும் கேட்கவில்லை. ரேரா சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்துகொள்ள வேண்டும், அவ்வளவே. மகாராஷ்டிரத்தில் 2023ஆம் ஆண்டு முகவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயமாக்கப்பட்டன. அதுவும் குறுகிய காலப் பயிற்சியே. ஆகவே விற்பனை ஒன்றையே நாடுபவர், அதன் பொருட்டு மூன்றாண்டுப் பட்டத்துக்குப் பெரும்பொருள் செலவிடத் தேவையில்லை.

மதிப்பீட்டின் நிலை இதற்கு நேர்மாறானது. கம்பெனிச் சட்டத்தின் கீழ் 2017ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிகள், பதிவு பெற்ற மதிப்பீட்டாளரை மூன்று வகையாகப் பிரிக்கின்றன. நிலமும் கட்டடமும் என்ற வகையில் சேரச் சிவில் பொறியியலிலோ, கட்டடக் கலையிலோ, நகரத் திட்டமிடலிலோ பட்டமும் ஐந்தாண்டு அனுபவமும் வேண்டும். மனை வணிக நிருவாகத்தில் பெற்ற வணிகப் பட்டம் மட்டும் இதற்கு ஈடாகாது. பங்குப் பத்திரங்களும் நிதிச் சொத்துகளும் என்ற வகையிலோ, நிதியைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட எம்.பி.ஏ. பட்டதாரியும் பட்டயக் கணக்கரும் உரிய அனுபவத்தோடு தேர்வெழுதலாம். நிலத்தை மதிப்பிட விரும்பிய மாணவர் பொறியியலை விடுத்து மனை வணிக பி.பி.ஏ.யில் சேர்ந்தால், தாம் விரும்பிய கதவுக்கு எதிர்த் திசையில் நடந்தவராவார். நகரத் திட்டமிடலுக்கான பி.பிளான் படிப்பில் சேர ஜே.இ.இ. தேர்வில் தனித் தாள் உண்டு. அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருக்க வேண்டும். ஆகவே இக்கதவு திறக்குமா மூடுமா என்பது பதினோராம் வகுப்பில் பாடம் தேர்ந்தெடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. தந்தையர் இதை நினைவிற் கொள்ளுதல் நலம்.

மூன்றாவது நிதி. வங்கிகளின் வீட்டுக் கடன் பிரிவு, கட்டுமான நிறுவனங்களின் நிதித்துறை, முதலீட்டு நிறுவனங்கள் ஆகியவை இதில் அடங்கும். ரீட் எனப்படும் மனை முதலீட்டு அறக்கட்டளைகளுக்குச் செபி 2014ஆம் ஆண்டில் விதிகள் வகுத்தது. முதல் அறக்கட்டளை 2019 ஏப்ரலில் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அலுவலகக் கட்டடங்களின் வாடகை, பங்குபோல் பகுக்கப்பட்டுப் பொதுமக்களிடம் விற்கப்படும் இவ்வேற்பாட்டில், கணக்கியலும் நிதியியலும் அறிந்தவரே முதலில் நாடப்படுவர். பி.காம். பட்டதாரியும் பட்டயக் கணக்கரும் எம்.பி.ஏ. பட்டதாரியும் இங்கே இயல்பாகவே நுழைகின்றனர்.

அங்ஙனமாயின் தனிப் பட்டத்துக்கு இடமே இல்லையோ எனின், உண்டு. ஒரு மனையை வாங்குவது தகுமா என ஆராய்தல், அனுமதிகள் பெறுதல், கட்டுமானத்தையும் பணவரவையும் ஒன்றோடொன்று பொருத்தி நடத்துதல், பெரிய அலுவலகங்களுக்குக் குத்தகை பேசுதல், கட்டி முடித்த வளாகங்களைப் பராமரித்தல் ஆகிய இடைப்பட்ட பணிகள் மிகப் பல. பெருநகரங்களிலுள்ள ஆலோசனை நிறுவனங்களும் பெரிய கட்டுமான நிறுவனங்களும் இப்பணிகளுக்கு ஆள் எடுக்கின்றன. எனினும் இங்கிலாந்தின் நிலையை நம் நாட்டுக்குப் பொருத்திப் பார்த்தல் கூடாது. 1868ஆம் ஆண்டில் இலண்டனில் தோன்றிய சர்வேயர் சங்கம், 1881இல் அரச சாசனம் பெற்று, நில மதிப்பீட்டையும் மனை நிருவாகத்தையும் தனித்த ஒரு கற்றோர் தொழிலாக வளர்த்தது. அங்கே மனை வணிகப் பட்டம் அத்தொழிலுக்கு நேர்வழியாக அமைகிறது. நம் நாட்டில் அவ்வாறான நேர்வழி அமையவில்லை. வெளிநாட்டு விளம்பரங்களை மொழிபெயர்த்து வைத்த கையேடுகளைப் படிப்போர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

இதுவரை கூறியது எல்லா மாணவர்க்கும் பொதுவானது. பிற மாநிலங்களில் வாழும் நமக்கென்று தனியே சிந்திக்கத்தக்க செய்தி இனி வருகிறது. கணக்கியல் மாநில எல்லையில் மாறுவதில்லை. நிலமோ எல்லை கடந்ததும் தன் பெயரையும் சட்டத்தையும் அளவையும் மாற்றிக்கொள்கிறது. நம் அரசமைப்பில் நிலம் மாநிலப் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறது. சொத்து மாற்றுச் சட்டம் நாடெங்கும் பொதுவாயினும், நில ஆவணமும் முத்திரைத் தீர்வை விகிதமும் கட்டட விதியும் மாநிலத்துக்கு மாநிலம் வேறாகின்றன. விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்க மகாராஷ்டிரத்தில் தடை உண்டு. தமிழ்நாட்டில் அத்தகைய தடை இல்லை. கருநாடகத்தில் இருந்த தடை 2020ஆம் ஆண்டில் தளர்த்தப்பட்டது.

நாம் மத்திய அரசில் மொழிபெயர்ப்புப் பணி ஆற்றுபவராதலின், இதனைச் சொற்களைக் கொண்டே விளக்குவது எளிது. தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று என்போம். மகாராஷ்டிரத்தில் சாத்பாரா என்பர். ஏழாம், பன்னிரண்டாம் எண்ணுள்ள கிராமப் படிவங்களைச் சேர்த்து வழங்கும் பெயர் அது. அதை ஏழு பன்னிரண்டு என்று தமிழாக்கினால் சொல் பெயருமேயன்றிப் பொருள் பெயராது. கருநாடகத்தில் பஹணி, கதா என்பர். வங்காளத்தில் கதியான், பர்ச்சா என்பர். வட மாநிலங்களில் கஸ்ரா, கதௌனி, ஜமாபந்தி என்பர். அளவும் அவ்வாறே. சென்னையின் கிரவுண்டு 2,400 சதுர அடி. மராட்டிய, கன்னட நாடுகளின் குண்டா 1,089 சதுர அடி. கல்கத்தாவின் கட்டா 720 சதுர அடி. தில்லியின் கஜம் 9 சதுர அடி. இச்சொற்கள் ஒவ்வொன்றின் பின்னும் ஓர் அலுவலகமும் ஒரு பழக்கமும் ஒரு வழக்கு வரலாறும் நிற்கின்றன.

தில்லியில் பலருக்கும் பட்டறிவாகிய ஒன்றைக் கூறுவோம். அங்கே அங்கீகாரம் பெறாத குடியிருப்புகளில் பொது அதிகாரப் பத்திரத்தின் பேரில் வீடுகள் கைமாறுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. அவ்வாறு மாறுவது முறையான உரிமை மாற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் வழக்கில் தீர்ப்பளித்தது. அத்தகைய ஆவணங்களைக் கொண்டு குடியிருப்போருக்கு உரிமை வழங்க 2019ஆம் ஆண்டில் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. சென்னையில் நிலச் சட்டம் கற்ற ஒருவர் இதனைத் தில்லிக்கு வந்த முதல் நாளே அறிந்திருப்பார் என்று எதிர்பார்க்க இயலாது. தில்லியில் கற்றவர் பட்டாவைக் கண்டு திகைப்பதும் அவ்வாறே.

இதனின்றும் பெறப்படுவது யாது? பொது வணிகப் பட்டம் பெயர்ந்து செல்லும் வாழ்வுக்கு ஏற்றது. மனை வணிகப் பட்டம் வேரூன்றும் வாழ்வுக்கு ஏற்றது. எந்தப் பட்டம் சிறந்தது என்று நாம் கேட்கும்போது, உண்மையில் எந்த ஊரில் வாழப்போகிறோம் என்ற வினாவுக்கே விடை தேடுகிறோம். மூன்றாண்டுக்கொரு முறை இடமாற்றம் காணும் குடும்பத்துப் பிள்ளை, தான் பயின்ற நில அறிவை ஓர் ஊரில் விட்டுவிட்டு மற்றோர் ஊரில் புதிதாகத் தொடங்க நேரலாம். ஆனால் மாதுங்காவிலோ தாராவியிலோ பிறந்து வளர்ந்து, மராட்டியைத் தாய்மொழியோடு ஒப்பப் பேசவும் எழுதவும் வல்ல பிள்ளைக்கு நிலை வேறு. அம்மொழியறிவு வெறும் பேச்சுத் துணையன்று. சாத்பாராவைப் பிறர் உதவியின்றிப் படிக்கும் ஆற்றலாகும். தமிழும் அறிந்திருப்பானாயின், மும்பையிலிருந்து ஊரில் மனை வாங்க விழையும் நம்மவர்க்கும் அவனே வழிகாட்டியாவான். பிற மாநிலத்தில் வளர்ந்தமையைக் குறையென்று எண்ணிய பெற்றோர், அது ஒரு முதலாகவும் ஆகலாம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்நகரிலேயே வாழ்வது என்ற முடிவுக்குப் பிள்ளை வந்துவிட்டானா என்பதைப் பெற்றோர் கேட்டறிய வேண்டும். ஓய்வு பெற்றபின் ஊர் திரும்பும் எண்ணம் பெற்றோருடையதேயன்றிப் பிள்ளையுடையது ஆகாமலும் இருக்கலாம்.

மற்றொன்றும் கருதத்தக்கது. மனை வணிகம் ஏற்ற இறக்கம் மிகுந்தது. 2008ஆம் ஆண்டின் உலக நிதி நெருக்கடியும், 2016 நவம்பரில் வந்த பணமதிப்பு நீக்கமும், 2018இல் ஐ.எல். அண்ட் எப்.எஸ். நிறுவனம் கடனைத் திருப்பித் தர இயலாமற்போனதால் நிதி நிறுவனங்களில் ஏற்பட்ட பணமுடையும், 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றும் இத்தொழிலை ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கின. கட்டுமானம் நின்றால் கணக்கர் மருந்துக் கம்பெனிக்குப் போகலாம். மனை வணிகம் மட்டுமே கற்றவர் அத்தொழில் மீண்டும் எழும் நாளுக்குக் காத்திருக்க நேரும். பிற்பாடு தொழில் எழுந்ததும் உண்மையே. ஆயினும் கடன் தவணை காத்திருப்பதில்லை.

தவணை என்றதும் செலவைக் குறித்து ஒரு சொல். பத்து இலட்ச ரூபாய்க் கல்விக் கடனை 10 விழுக்காடு வட்டியில் ஏழாண்டுகளில் அடைப்பதாயின், மாதத் தவணை சுமார் 16,600 ரூபாய் ஆகும். அந்தப் படிப்பை முடித்தவர் முதலாண்டில் பெறும் ஊதியத்தில் இது எத்தனையில் ஒரு பங்கு என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். கல்லூரி விளம்பரம் கூறும் உயர்ந்த ஊதியத்தைக் கொள்ளாமல், நடுத்தர மாணவர் பெற்றதைக் கேட்டறிதல் வேண்டும். இயன்றால், படித்து மூன்றாண்டு கழிந்த பழைய மாணவர் இருவரையாவது நேரிற்கண்டு பேசுதல் நன்று.

தனிப் பட்டத்தை நாடுவோர் மேலும் சிலவற்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். வழங்கப்படுவது பட்டமா, பட்டயமா? வழங்கும் பல்கலைக்கழகம் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்புப் பெற்றதா? அரசுத் தேர்வுகளும் வங்கித் தேர்வுகளும் பெரும்பாலும் கேட்பது ஏற்புடைய பல்கலைக்கழகத்தின் பட்டமே. பட்டப் பெயர் பொதுவா தனியா என்று அவை பார்ப்பதில்லை. பி.பி.ஏ. படிப்புகளை 2024-25 கல்வியாண்டு முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு தன் அனுமதி வரம்புக்குள் கொண்டுவந்தது. அவ்வனுமதி உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். பாடத்திட்டத்தில் நிலச் சட்டமும் மதிப்பீடும் எத்தனை பருவங்கள், சார்பதிவாளர் அலுவலகத்திலும் கட்டுமானத் தளத்திலும் பயிற்சி எத்தனை வாரங்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பொது பி.பி.ஏ. பாடங்களுக்கு மேல் இரண்டொரு தாள்களை ஒட்டவைத்துத் தனிப் பட்டம் என்று பெயர் சூட்டியிருந்தால், மாணவர் தனியறிவும் பெறமாட்டார். பொதுப் பட்டத்தின் மதிப்பையும் ஓரளவு இழப்பார்.

எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்க்குமிடத்து, பெரும்பாலோர்க்கு ஏற்ற முறை, முதலிற் பொது, பின்னர்ச் சிறப்பு என்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. பதினேழு வயதிற் பி.காம். சேர்ந்து, இருபது வயதில் ஓரிரு ஆண்டு வேலை பார்த்து, அதன்பின்னும் மனை வணிகத்தில் விருப்பம் நிலைத்திருந்தால் முதுநிலையில் அதனைக் கற்கலாம். புணேயின் நிக்மார் போன்ற நிறுவனங்களில் மனை வணிகமும் நகர்ப்புறக் கட்டமைப்பும் சார்ந்த முதுநிலைப் படிப்புகள் உள்ளன. சட்டத்தில் நாட்டம் உடையவர் மூன்றாண்டுச் சட்டப் படிப்பை மேற்கொள்ளலாம். நிலவுரிமை ஆராய்வோர்க்கு அது உறுதியான துணையாகும். மதிப்பீட்டில் நாட்டம் உடையவரோ தொடக்கத்திலேயே பொறியியல் அல்லது திட்டமிடல் வழியை மேற்கொள்ள வேண்டும். அவருக்கு இவ்விரு வணிகப் பட்டங்களும் உரியன அல்ல. குடும்பத்தில் ஏற்கெனவே கட்டுமானத் தொழில் நடைபெறுகிறது, வாழும் நகரும் உறுதியாயிற்று, கல்லூரியும் தரமானது என்னும் மூன்றும் கூடிய மாணவர் மட்டும் இளநிலையிலேயே தனிப் பட்டத்தைத் துணிந்து தேர்ந்தெடுக்கலாம்.

விருப்பம் மெய்யானதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. வீட்டுப் பெட்டியில் இருக்கும் கிரயப் பத்திரத்தைப் பிள்ளையின் கையிற் கொடுங்கள். விற்றவர் யார், அவருக்கு உரிமை எங்ஙனம் வந்தது, நான்கெல்லை யாவை, அளவு எவ்வளவு, வில்லங்கம் உண்டா என்பவற்றைத் தானே படித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஊரிலுள்ள பூர்விகச் சொத்தின் பத்திரமாயின் இன்னும் நன்று. தமிழ் எழுத்தைப் படிக்கவும் அது தூண்டும். பத்திரத்தைப் புரட்டிவிட்டு விலை எவ்வளவு என்று மட்டும் கேட்பவனுக்குப் பொது வணிகப் பட்டமே சாலும். கிழக்கெல்லையில் குறிக்கப்பட்ட வாய்க்கால் இன்னும் இருக்கிறதா என்று கேட்பவன், மனை வணிகத்தின் பாடத்தைத் தொடங்கிவிட்டான். அவனுக்கு எந்தக் கல்லூரி, எந்த ஆண்டில் என்பதைப் பெற்றோரும் பிள்ளையும் கூடியமர்ந்து முடிவு செய்யலாம்.